ஒட்டடைக் கம்பு தட்டாத சாயங்காலம்

கொடைக்கானலில் ஒரு அடுக்குமாடி வீட்டில் தனியாகக் குடியிருக்கிறேன். விடுதி ஒன்றில் விடியற்காலை வேலை. அதனால் சாயங்காலமே படுத்துவிடுவேன். அந்த நேரம் பார்த்துத்தான் மேல்வீட்டு ஸ்டெல்லா அக்கா கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சிக்கு ஆள் சேர்ப்பார். தரையில் காலால் தாளம் வேறு. பாட்டு தொடங்கியதும் நான் ஒட்டடைக் கம்பால் கூரையைத் தட்டுவேன். எங்களுக்குள் பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் கூரைக்குத் தெர்மோகோல், சுவருக்கு ஃபோம், கதவு ஜன்னல் இடுக்குகளுக்கு ரப்பர் பட்டை என்று ஒட்டி முடித்தேன். வீடு அடங்கிப்போனது. என் மூச்சு எனக்கே கேட்டது. அன்று குளிர் அதிகம். வழக்கம்போல் கரிக் கங்கு போட்ட கணப்புச் சட்டியைக் கட்டிலருகே வைத்துக்கொண்டு படுத்தேன். சத்தத்தோடு காற்றையும் அடைத்துவிட்டேன் என்பது புத்தியில் உறைக்கவே இல்லை.

கண் விழித்தபோது வராந்தாவில் கிடந்தேன். ஸ்டெல்லா அக்கா முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். கரிப்புகையில் மயங்கியிருக்கிறேன். ரப்பர் பட்டை தடுத்ததால் தாழ்ப்பாள் விழாத கதவை அவர்தான் தள்ளித் திறந்திருக்கிறார்.

“மொதப் பாட்டுக்கே தட்டுவியேத்தா. மூணு பாட்டு முடிஞ்சும் சத்தத்தக் காணோம். மனசு கேக்கல, எறங்கி வந்தேன்,” என்றார்.

என் கோபத்தைக்கூட ஒருவர் இப்படிக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறாரே என்று இன்றும் மலைப்பாக இருக்கிறது.

இப்போது கணப்புச் சட்டி வீட்டுக்குள் வருவதில்லை. ஒட்டியதையெல்லாம் பிய்த்துவிட்டேன். மேலே பாட்டு தொடங்கியதும் கம்பை எடுத்து ஒரு தட்டு தட்டுகிறேன். மேலிருந்து காலால் பதில் வந்த பிறகுதான் படுக்கிறேன்.