இறங்கித் தள்ளிய சைக்கிள்

பொலிஸ் வாகனத்தைக் கண்டதும் சைக்கிளோட்டி இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று கனடாவின் வீதிச் சட்டத்தில் எங்கும் எழுதப்படவில்லை. ஓட்டிக்கொண்டே போகலாம். விருப்பமென்றால் கைகாட்டிவிட்டும் போகலாம். மட்டக்களப்புக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், பிரதம லிகிதராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். எந்த நாட்டில் காலை வைத்தாலும் முதலில் அதன் விதிகளைத்தான் வாசிப்பேன். இதையும் வாசித்திருந்தேன். ஆனால் பனி கரைந்து நான் வீதிக்கு வந்த முதல் காலையில், சந்தியில் நின்ற பொலிஸ் காரைக் கண்டதும் கால்கள் தாமாகவே இறங்கிவிட்டன. தலையைக் குனிந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, அந்தக் காரைக் கடந்தேன்.

அந்தக் காலைக்காக நான் ஒரு குளிர்காலம் முழுவதும் உழைத்திருந்தேன். கார் ஓட்டத் தெரியாதவனுக்கு இந்த நாட்டில் கால்கள் இருந்தும் பயனில்லை. நூலகம், மருந்துக்கடை, கோயில், எதற்கும் மகளின் காரும் மகளின் நேரமும் வேண்டும். லீவு கேட்கும் கடைநிலை ஊழியனைப்போல, சனிக்கிழமைப் பயணத்துக்கு வியாழக்கிழமையே வாய்மொழி விண்ணப்பம் கொடுப்பேன். அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. மறுக்காத ஒருவரிடம் தினமும் கேட்பது எவ்வளவு கேவலமானது என்பது கேட்பவனுக்குத்தான் தெரியும். அதனால்தான் மறுபடி சைக்கிள். கடையில் சொன்ன விலைக்கு ஊரில் ஒரு மோட்டார் சைக்கிள் எடுக்கலாம் என்று பட்டது. ஆகவே அயல்தெருவில் ஒருவர் தன் கராஜைத் துப்புரவாக்கியபோது மலிவாக விற்ற பழைய சைக்கிளை வாங்கினேன். ரசீது கேட்டேன். நான் பகிடி விடுவதாக நினைத்து அவர் என் தோளில் தட்டினார்.

பனிக்காலத்தில் அதைப் பேஸ்மென்ட்டில் ட்ரெய்னர் என்ற இரும்புத் தாங்கியில் பூட்டினேன். பின்சக்கரம் ஓர் உருளையின் மேல் சுழலும், சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்கும். எதிரே சலவை இயந்திரம். அதை நோக்கி மாதக்கணக்கில் மிதித்தேன். அது கிட்டவும் வரவில்லை, தூரப் போகவும் இல்லை. முதலில் இருக்கை கடித்தது, பிறகு முழங்கால் முனகியது, பிறகு இரண்டும் அடங்கின. சீனி வருத்தக்காரனான எனக்கு இரத்தச் சீனியும் கொஞ்சம் இறங்கியது. மார்ச் மாதம் மூச்சு வாங்காமல் மகளுடன் பேசிக்கொண்டே மிதித்தேன்.

ஊரில், கல்லடியில் என் வீடு. ஆற்றைக் கடந்தால் கச்சேரி. சண்டைக் காலத்தில் பாலத்தில் இராணுவம் காவல் நிற்கும் சென்றிக்கு முன்பே இறங்கிவிட வேண்டும். தொப்பியைக் கழற்றி, அடையாள அட்டையைக் கையில் பிடித்து, தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். இறங்காமல் போனவனைப் பற்றி அவன் வீட்டார்தான் பிறகு என்னிடம் மனு எழுத வருவார்கள். அந்த விதியையும் எவரும் எழுதி வைக்கவில்லை. எழுதாத விதிதான் உடம்பில் ஏறுகிறது.

காரைக் கடந்ததும் என்னைக் கூப்பிட்டு நிறுத்திய பொலிஸ்காரர் இளம் வயது. “சேர்” போட்டுத்தான் பேசினார்.

“ஏன் இறங்கினீர்கள்?”

“உங்களைக் கண்டதால்.”

“என்னைக் கண்டால் ஏன் இறங்க வேண்டும்?”

“அது எங்கள் வழக்கம்.”

“எங்கள் என்றால் யார், சேர்? வேறு ஆட்களும் இருக்கிறார்களா?”

மட்டக்களப்பு மாவட்டம் முழுவதும் என்ற பதில் வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். அவர் சைக்கிளைக் கவிழ்த்துப் பார்த்தார். தொடரிலக்கம் இருக்க வேண்டிய இடம் சுரண்டப்பட்டிருந்தது. ரசீது இல்லை. விசாரித்து அறிவிப்பதாகச் சொல்லி, நன்றியும் சொல்லி, அதை ஏற்றிக்கொண்டு போனார். சென்றியில் நின்றவன் ஒருநாளும் எனக்கு நன்றி சொன்னதில்லை. ஆனால் என் சைக்கிளை அவன் ஒருநாளும் கொண்டுபோனதுமில்லை.

நான் பொலிஸ் நிலையத்துக்கு எழுதினேன். விடயம், திகதி, இடம், விற்றவரின் விலாசம், அவர் ஒப்பமிட்ட உறுதிக்கூற்று, எல்லாம் இணைத்து. பதில் இல்லை. நினைவூட்டல் எழுதினேன். பிரதியை மேலதிகாரிக்கும் அனுப்பினேன்.

“விடுங்கப்பா,” என்றாள் மகள். “எங்க போகோணுமோ சொல்லுங்க, நான் ஏத்திட்டுப் போறன்.”

“அதுக்குத்தான் புள்ள எழுதுறன்,” என்றேன்.

ஊரில், தேற்றாத்தீவில் இருக்கும் என் பழைய கச்சேரிக் கூட்டாளி தொலைபேசியில் விழுந்து விழுந்து சிரித்தான். “அங்க செக்பொயிண்டே இல்லையே மச்சான்! நீயே கொண்டுபோய் வெச்சிட்டியா?”

கோடை முழுவதும் மற்றவர்கள் சைக்கிளில் போவதை யன்னலால் பார்த்தேன். இலையுதிர்ந்ததும் மகள் யாரோ பாவித்த உடற்பயிற்சி சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்தாள். சக்கரமே இல்லாத சாதனம். இலக்கமும் கேட்க மாட்டார்கள்.

கடைசியில் கடிதம் வந்தது. களவு போனதாக முறைப்பாடு எதுவும் இல்லையாம். உரிமை கோரப்படாத பொருளாகக் கருதி, வறிய நாடுகளுக்குச் சைக்கிள் அனுப்பும் தொண்டு அமைப்பொன்றிடம் அதைக் கையளித்துவிட்டார்களாம். என் பொறுமைக்கு நன்றியாம். மகள் கூகிளில் தேடினாள்.

“அவங்க இலங்கைக்கும் அனுப்புறாங்களாம். உங்கட சைக்கிள் ஊருக்குப் போய்ட்டுப் போல, அப்பா!”

அவள் சிரித்தாள். நான் பேஸ்மென்ட்டுக்கு இறங்கி, ஏறி உட்கார்ந்து, மிதிக்கத் தொடங்கினேன். சக்கரங்கள் எந்த ஊர் வீதியில் உருளுகின்றனவோ, மிதிப்பவன் நான் இங்கே இருக்கிறேன். பிறகு, கடிதக் கோவையை மூடுவதற்காகக் கடிதத்தின் மேல் மூலையில், பெறப்பட்ட திகதியைப் பழைய வழக்கப்படி எழுதினேன்: தைப்பொங்கலுக்கு மறுநாள். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள்.