விண்டோஸ் மெக்கானிக் லினக்ஸ் போட்ட கதை

கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவனுக்கு நல்ல சேதி சொல்ல யாரும் ஃபோன் பண்ணுவதில்லை. கடை திறப்பதற்கு முன்பே ஒரு 'ஹலோ' வந்தால், எங்கோ ஒரு பெட்டி படுத்துவிட்டது என்று அர்த்தம். கல்யாண விருந்தில் உட்கார்ந்தால்கூட, பக்கத்து இலைக்காரர் ரசம் வருவதற்குள் "என் லேப்டாப் ரொம்ப ஸ்லோ" என்று ஆரம்பித்துவிடுவார். சொந்தக்காரர்களுக்குச் சும்மா கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுத்து மாட்டிக்கொண்ட எல்லாருக்கும் இந்த அவஸ்தை தெரியும். உங்களை நம்பித்தான் எழுதுகிறேன்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு புடவைக் கடைக்கு மேல் மாடியில் என் கடை. பிழைப்பு முழுக்க விண்டோஸ்தான். அது அடிக்கடி கெட்டுப் போனதால்தான் என் வீட்டில் அடுப்பு எரிந்தது, அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் விண்டோஸ் 10-க்கு இனி வழக்கமான அப்டேட் வராது, 11 வேண்டுமானால் புது மெஷின் வாங்கிக்கொள் என்று ஆனதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. நன்றாக ஓடும் லேப்டாப்களைக் குப்பைக்கு அனுப்ப மனசு வரவில்லை. விண்டோஸுக்குப் பதிலாகப் பழைய மெஷினிலும் ஓடும் லினக்ஸைப் போட்டுப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

முதல் பலி நானே

அடுத்தவர் மெஷினில் கை வைப்பதற்கு முன் என்னுடையதில் போட்டேன். போடுவதில் ஒரு சிரமமும் இல்லை. பெருமையோடு என் மனைவி வசந்தாவைக் கூப்பிட்டேன். கடையில் கவுன்ட்டரைப் பார்த்துக்கொள்வது அவள்தான். அவள் வந்து நின்ற நேரம் பார்த்து வைஃபை வேலை செய்யவில்லை. வைஃபையை எப்படி வரவழைப்பது என்று இணையத்தில் தேட வேண்டும், இணையத்துக்குப் போக வைஃபை வேண்டும். அவள் ஃபோனை வாங்கித் தேடினேன். கறுப்புத் திரையில் ஒரு வரியைத் தட்டச் சொன்னார்கள். தட்டினேன். அப்படி ஒன்று இங்கே இல்லை என்றது.

விண்டோஸில் எந்தப் பொத்தான் எந்த மூலையில் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இங்கே கண்ட்ரோல் பேனலையே காணோம். பத்துமலைத் தைப்பூசக் கூட்டத்தில் வீட்டாரைத் தவறவிட்டவன் மாதிரி அங்கேயும் இங்கேயும் கிளிக் செய்துகொண்டிருந்தேன். வசந்தா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இத்தனை வருஷமா கஸ்டமரை 'இதுகூடத் தெரியாதா'ன்னு கேட்டீங்கல்ல. இப்ப உங்க மூஞ்சியும் அதே மாதிரிதான் இருக்கு."

நம்பிக்கையான திருட்டு

பங்சாரில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஒருவர் தன் பழைய கம்ப்யூட்டரோடு வந்தார். வைஃபை விஷயத்தை ஒருவழியாகத் தீர்த்திருந்த தைரியத்தில், லினக்ஸ் போடலாம் என்றேன். என்ன விலை என்றார். அது இலவசம், என் கூலி மட்டும்தான் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. லைசென்ஸ் எங்கே என்றார். வேண்டியதில்லை என்றேன். போலீஸ் கேஸ் ஆகாதே என்றார். சட்டப்படி முழுக்கச் சரி என்றேன். ஒவ்வொரு பதிலுக்கும் அவர் சந்தேகம் கூடிக்கொண்டே போனது.

அவர் முதன்முதலில் வாங்கிய விண்டோஸ், பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில், டுரியான் பழக் கடைக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறையில் தொங்கிய சிடி. அதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். கடைசியில் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "சும்மா குடுக்குறாங்கன்னா உள்ள என்னமோ இருக்கு லா. எனக்கு அந்தத் திருட்டு விண்டோஸையே போட்டுடுங்கண்ணே, அதுதான் நம்பிக்கை."

செராய் வாசனை

தேவராஜ் அண்ணனின் லேப்டாப் என் கடைக்குள் வந்தால் மூக்குக்கு முதலில் தெரிந்துவிடும். மசாஜுக்குப் பயன்படுத்தும் செராய் எண்ணெய், அதாவது எலுமிச்சைப்புல் எண்ணெய், அதன் எல்லா இடுக்கிலும் ஊறியிருக்கும். இரண்டு தெரு தள்ளி மசாஜ் நிலையம் வைத்திருக்கிறார். பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் இருப்பதை லேப்டாப் வாசித்துச் சொல்லும், அவர் கேட்டுக்கொண்டே தட்டுவார். யார் எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்பதிலிருந்து பேங்க், ஈமெயில் வரை எல்லாம் அவர் கையில். ஃபோன் அவருக்கு ஒத்துவராது. எண்ணெய்க் கை கண்ணாடியில் வழுக்குகிறது, தடவிப் பார்க்க ஒரு பொத்தானும் இல்லை என்பார்.

அன்று மகள் ஷர்மிளாவோடு வந்தார். அவள் கிள்ளானில் குடியிருந்து, தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலை ஆபிஸில் வேலை செய்கிறாள். அம்மா இறந்ததிலிருந்து அப்பாவைப் பற்றித்தான் அவளுக்குக் கவலை. இந்த மெஷின் விண்டோஸ் 11-ஐத் தாங்காது என்றேன். "அப்ப விட்டுடுங்க அங்கிள். அப்பாவோட பாஸ்வேர்டெல்லாம் என்கிட்டதான் இருக்கு" என்றவள், அவர் பக்கம் திரும்பி, "உங்களுக்கு ஏதாச்சும் வேணும்னா என்னைக் கேளுங்கப்பா, நான் பாத்துச் சொல்றேன்" என்றாள்.

தெருவில் வழியை மறித்து நின்ற காடியைத் தள்ளி நிறுத்த அவள் கீழே இறங்கிய பிறகுதான் அவர் என் பக்கம் சாய்ந்தார். "அவ தங்கமான பொண்ணு தம்பி. ஆனா இந்தப் பெட்டி போச்சுன்னா நான் அவளுக்கு அப்பா இல்ல, இன்னொரு பிள்ளை. எப்படியாச்சும் ஓட வெச்சுடுங்க."

சளி பிடித்த குரல்

உடனே லினக்ஸ் போட்டேன். வாசித்துச் சொல்லும் வசதி அதிலும் உண்டு, தமிழும் வாசிக்கும். எண்ணெய் இறங்காமல் இருக்கட்டும் என்று கீபோர்டு மேல் ஒரு ரப்பர் உறையையும் மாட்டினேன். மறுநாள் அவரை உட்காரவைத்துப் பாடம் ஆரம்பித்தேன். "அண்ணே, கீழ இடது பக்கம் பச்சையா ஒண்ணு இருக்கு பாருங்க" என்றேன். வசந்தா கவுன்ட்டரில் தலையில் அடித்துக்கொண்டாள். அவர் பெரிய மனசோடு, "இருக்கட்டும் தம்பி, அதை விரலுக்கு எப்படிச் சொல்றது?" என்று கேட்டார்.

ரப்பர் உறையை முதல் காரியமாகக் கழற்றி என் கையில் கொடுத்தார். எஃப், ஜே எழுத்துகளில் இருக்கும் சின்ன மேடுகளைத் தொட்டுத்தான் அவர் கை இடம் கண்டுபிடிக்கும். அவை அந்த உறைக்கு அடியில் மறைந்துவிட்டன. பிறகு நாளிதழ் ஒன்றைத் திறந்து வாசிக்கவிட்டேன். விண்டோஸில் அவருக்குப் பழக்கமானது ஒரு பெண் குரல். இதில் வந்தது ஏற்ற இறக்கமே இல்லாத ஆண் குரல். தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தமிழ் தப்பில்லாமதான் படிக்கிறான். சளி பிடிச்சிருக்கு, அவ்வளவுதான். பழகிக்கலாம்."

உள்ளே வைத்த பெல்

மறுநாள் காலை கடை திறப்பதற்கு முன்பே தேவராஜ் அண்ணனிடமிருந்து ஃபோன். லேப்டாப் செத்துவிட்டது, சத்தமே இல்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை ஷர்மிளா வருகிறாள், அதற்குள் சரியாகாவிட்டால் எல்லாவற்றையும் அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒப்புக்கொண்டுவிட்டேன் என்றார். இதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. பசியாறாமலே ஓடினேன்.

மசாஜ் நிலையத்தில் கட்டில்மேல் லேப்டாப் உயிரோடுதான் இருந்தது. பாஸ்வேர்ட் போடச் சொல்லித் திரை காத்திருந்தது. வாசிக்கும் குரலை நான் அவருடைய கணக்குக்குள் போன பிறகுதான் முடுக்கியிருந்தேன். உள்ளே போவதற்கு முன் வரும் பாஸ்வேர்ட் திரைக்கு அதைத் தனியாக முடுக்க வேண்டும். என் கடையில் கண்ணால் பார்த்துக்கொண்டே நானே பாஸ்வேர்ட் போட்டதால் அந்தத் திரை ஊமை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவரிடம் விளக்கினேன். வெட்கமாக இருந்தது. அவர் கோபப்படவில்லை, எண்ணெய் பாட்டிலை மூடியபடி சொன்னார்: "ஆக, வீட்டுக்குள்ள வந்தவங்க அடிக்கிறதுக்குன்னு உள்ள ஒரு பெல் வெச்சிருக்கீங்க."

துண்டு போட்ட திரை

இந்த முறை நானே சோதித்துப் பார்க்காமல் கொடுப்பதில்லை என்று முடிவு செய்து, லேப்டாப்பைக் கடைக்குத் தூக்கி வந்தேன். பாஸ்வேர்ட் திரையைப் பேச வைத்துவிட்டு, லேப்டாப் திரைமேல் ஒரு துண்டைப் போட்டு மூடி, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் தினமும் செய்வதையெல்லாம் நானும் செய்து பார்க்க வேண்டும். ஒரு ஈமெயிலைத் திறப்பதற்குள் வேர்த்துவிட்டது. சளி பிடித்தவன் என்னவோ சொல்கிறான், நான் என்னவோ அழுத்துகிறேன், எங்கே நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. தேவராஜ் அண்ணன் அங்கே பேச்சில்லாத பெட்டியை வைத்துக்கொண்டு எப்படித் தவித்திருப்பார் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆனாலும் அந்த மதியம் வீண் போகவில்லை. ஸ்கிரீன் தானாகப் பூட்டிக்கொண்டால் அங்கேயும் குரல் போய்விடுகிறது என்று கண்டுபிடித்து, அதையும் சரிசெய்தேன். விண்டோஸில் அவர் விரல் பழகிய குறுக்கு வழிகளில் சில இங்கே வேறு எதையோ திறந்தன. அவற்றை அவர் பழக்கத்துக்கே மாற்றி வைத்தேன். துண்டைத் தூக்கிப் பார்க்கக் கை பலமுறை போனது, வசந்தா முறைத்ததால் திரும்பி வந்தது. சார்ஜர் வாங்க வந்த ஓர் அக்கா என்னையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன பாஸ், கம்ப்யூட்டருக்குக் காய்ச்சலா?"

திங்கட்கிழமை ஃபோன்

சனிக்கிழமை லேப்டாப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் எதிரிலேயே அணைத்து, மறுபடி போட்டார். பாஸ்வேர்ட் கேட்டு அவன் சளிக் குரலில் பேசினான். அண்ணன் தட்டினார், உள்ளே போனார். என் கையைத் தேடிப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். மசாஜ்காரர் கை, சாயங்காலம் வரை வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு தகவலும் இல்லை. ஃபோனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை கதவைத் திறந்துகொண்டிருக்கும்போதே ஃபோன் வந்தது. ஷர்மிளா.

"அங்கிள், அப்பா கம்ப்யூட்டர்ல என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?" என்றாள். ஏன், பேசவில்லையா என்று கேட்டேன். "அதெல்லாம் நல்லாத்தான் பேசுது. என்னைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு எல்லா பாஸ்வேர்டையும் மாத்திட்டாரு. புதுசு என்னப்பான்னு கேட்டா, 'உனக்கு ஏதாச்சும் வேணும்னா என்னைக் கேளும்மா, நான் பாத்துச் சொல்றேன்'ங்கிறாரு." கோபமாகத்தான் ஆரம்பித்தாள், முடிப்பதற்குள் குரல் உடைந்து சிரித்துவிட்டாள். "அம்மா போனதுக்கப்புறம் அவர் இவ்வளவு திமிராப் பேசி நான் கேட்டதே இல்ல, அங்கிள்."

இத்தனை வருஷத் தொழிலில், வேலை சரியாக நடந்துவிட்டது என்பதற்காக எனக்கு வந்த முதல் புகார் அதுதான்.