நட்சத்திரம் போட்ட கட்டம்

பதினெட்டு வருஷமாக வெளிநாடுகளில் அகதி முகாம்களில் வேலை பார்க்கிறேன். லீவில் சொந்த ஊர் முத்தையாபுரம் வந்தால் தூக்கம் ஒன்றுதான் வேண்டும். ஹார்பர் லாரிகளின் ஹாரன்கூட என்னை எழுப்பாது. எங்கம்மா விட்டால்தானே! போகிற இடமெல்லாம் மகள் பெருமையை அளந்துவிட்டு வருவாள். இந்தத் தடவை மருந்துக்கடையில் பில் போடும் பிள்ளையை வீட்டுக்கே வரச் சொல்லிவிட்டாள்.

"ஏளா, அந்தப் புள்ள வந்திருக்கா. ஒன்ன மாதிரி வேலைக்குப் போணுமாம். எந்திரி."

எரிச்சலோடுதான் எழுந்தேன். வந்தவளுக்கு இருபத்து மூன்று வயது. சமூகப்பணி படித்து முடித்தவள். பக்கத்தில் உள்ள இலங்கை அகதிகள் முகாமில் பிறந்து, அங்கேயே வளர்ந்தவள். என்னிடம் எங்கள் ஊர்ப் பேச்சு. நடுவில் போனில் கூப்பிட்ட அவள் அம்மாவிடம் இலங்கைப் பேச்சு.

"நாளைக்கு முகாம்ல செக்கிங்க்கா. எல்லாரும் இருக்கமான்னு தலை எண்ணுவாங்க. அத அம்மா ஞாபகப்படுத்துது" என்றாள்.

ஆசையோடு வருகிறவர்களைக் கண்டால் எனக்குப் பயம். நானும் அப்படித்தான் போனேன். இப்போது நாள் முழுக்கப் படிவம் நிரப்புகிறேன், ராத்திரி கண்ணை மூடினாலும் வரிசைதான் தெரிகிறது.

"வேற வேல பாரேன்மா. இது சீக்கிரம் சலிச்சுப்போவும்."

"ஒங்களுக்கு எத்தன வருசம் கழிச்சுக்கா சலிச்சுது?"

கெட்டிக்காரி! லேப்டாப்பைத் திறந்தேன். எங்கள் அலுவலக விண்ணப்பத்தில் பெயர், படிப்பு எல்லாம் போட்டோம். அகதிகளோடு எத்தனை வருட அனுபவம் என்று அடுத்துக் கேட்டிருந்தது.

"இருபத்துமூணுன்னு போடவாக்கா?"

இரண்டு பேரும் சிரித்தோம். நான் அப்படிச் சிரித்து எத்தனை மாதமோ.

அடுத்த கட்டம் பாஸ்போர்ட் எண். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். அதை நிரப்பாமல் தாண்ட முடியாது.

அட, புத்திகெட்டவளே! என்னை நானே திட்டிக்கொண்டேன். பாஸ்போர்ட் இல்லாதவர்கள் முன்னால் உட்கார்ந்தே இத்தனை வருஷம் சம்பளம் வாங்கியிருக்கிறேன். இங்கேயே பிறந்தும் குடியுரிமை இல்லாத இவளிடமும் அது இருக்காது என்று எனக்கு உறைக்கவே இல்லை. அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"மன்னிச்சுக்கோம்மா."

"விடுங்கக்கா. அதுக்கு அடுத்தாப்ல என்ன கேக்கான்? அதையாவது பாப்போம்."

என் பாஸ்போர்ட் எண்ணை அடித்தேன். பக்கம் திறந்தது. ஒவ்வொரு கேள்வியாக நான் வாசிக்க, அவள் பரீட்சை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னாள். ரேஷன் வரிசையில் சண்டை வந்தால் என்ன செய்வீர்கள்?

"கைப்பிள்ளக்காரியள மொதல்ல நெழல்ல உக்கார வைப்பேன். எல்லாருக்கும் தண்ணி குடுப்பேன். சத்தம் கொறைஞ்ச பெறவு, சாமான் எவ்வளவு இருக்குன்னு உள்ளதச் சொல்லுவேன். மறைச்சாத்தான் கோவம் வரும்க்கா."

அதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பத்து வருஷம் ஆனது. எத்தனையோ பேரை நேர்காணல் பண்ணி வேலைக்கு எடுத்திருக்கிறேன். இப்படி ஒருத்தி வந்ததில்லை.

கடைசிக் கேள்வி: எப்போது பணியில் சேர முடியும்?

"நாளைக்கு செக்கிங்" என்று விரலை மடக்கினாள். கொஞ்சம் யோசித்தாள். "நாளான்னிக்கு சேந்துருவேன்க்கா."

அனுப்பு என்ற பொத்தானின் மேலேயே என் விரல் கிடந்தது. அழுத்தவில்லை. அதில் இருந்தது என் நம்பர்.