மாப்பிள்ளையைக் கொண்டுவந்த கார்

எங்கள் ஊரில் பழைய இங்கிலீஷ் கார் இரண்டு. ஒரே மாதிரி, ஒரே காலத்துக் கார். ஒன்று என்னுடையது. மற்றது கடல்நீர்க் களப்பின் ஓரத்து வீட்டுக்காரனுடையது. குவைத்தில் ட்ரைவராக இருந்து வந்தவன். என்னைவிட இளையவன், அண்ணன் முறை வைத்து என்னை நானா என்பான்.

இங்கே பெண்வீட்டார் கார் அனுப்பித்தான் மாப்பிள்ளையைக் கூட்டி வருவார்கள். பள்ளிவாசல் சந்தியிலிருந்து ஆட்கள் முன்னால் நடப்பார்கள். கார் பின்னால் ஊர வேண்டும். மிதியிலிருந்து காலை எடுத்தாலும் எஞ்சின் நிற்கக் கூடாது. அதைத்தான் ஸ்லோ என்போம். அவனுடைய காரின் ஸ்லோ, பூனை தூங்குகிற மாதிரி. என்னுடையது ஏறும், இறங்கும், இருமும், நின்று போகும். கலியாண வீடுகள் எல்லாம் அவனிடம் போயின. பள்ளி வாசலில் அவன் கார் ஓடிக்கொண்டு நின்றால் நான் கிட்டப் போய் நிற்பேன், குறை ஏதும் கேட்கிறதா என்று. கேட்காது.

என் மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்தோம். மாப்பிள்ளைக்கு எந்தக் கார் என்று கதை வந்தது. மனைவி என்னைப் பார்க்கவில்லை. மகள்தான் சொன்னாள்.

"வாப்பா, அவங்கட காரையே கேளுங்களேன். நடு ரோட்டுல நிண்டு ஆக்கள் தள்ளினா எனக்கு வெக்கமா இருக்கும்."

ஓம் என்றேன். அவள் சொன்னதில் பிழை இல்லை. சோறுதான் இறங்கவில்லை. மனைவி ஆள் அனுப்பிக் கேட்டாள். அவன் உடனே சம்மதித்தானாம்.

பொனட்டைத் திறந்தேன். ஸ்லோ திருகாணியைக் கூட்டினேன். கத்திக்கொண்டு ஓடியது. குறைத்தேன், செத்தது. காபரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். டிஸ்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங்கை முன்னால் தள்ளினேன். இன்னும் மோசம்.

அடுத்த நாள் அவன் வீட்டுப் பக்கம் போனேன். அவன் பொனட்டைத் திறந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். உள்ளே காய்ந்த தூசி. கீல்களில் துரு. எனக்குச் சந்தோஷம். என்னுடையது உள்ளே பளபளக்கும். களப்புக் காற்று உப்புக் காற்று. அதனால் தேங்காய் எண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்து வெள்ளிக்கிழமைகளில் எஞ்சின் முழுக்கப் பூசுவேன். போட் எஞ்சினுக்கு இங்கே எல்லாரும் செய்கிறதுதான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் அந்தத் துருவைச் சொன்னேன்.

"அது துருப் புடிச்சும் ஓடுது," என்றாள். "ஒங்கடது அவ்வளவு எண்ணெ குடிச்சும் நிக்குது."

திரும்பவும் காரிடம் போனேன். எண்ணெயைத் துடைத்துவிடுவோம் என்று துணியை எடுத்தேன். காபரேட்டருக்குக் கீழிருந்து டிஸ்ரிபியூட்டருக்குப் போகிற சின்ன இறப்பர் குழாய் கையில் பட்டது. வெந்த கணவாய் மீன் மாதிரி மெத்தென்று இருந்தது. எண்ணெய் இறப்பரைத் தின்றிருக்கிறது. திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் வெடிப்பு.

எஞ்சினைப் போட்டேன். காபரேட்டர் பக்கமாகக் குழாயை விரலால் நெரித்தேன். இருமல் நின்றது. விட்டேன், இருமியது. எஞ்சின் உறிஞ்சுகிற இடத்தில் வெளிக்காற்றுப் புகுந்திருக்கிறது. அதை விட்டுவிட்டுத் திருகாணியோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

புத்தளம் டவுன் கடைகளில் போய்த் தேடினேன். பெற்றோல் குழாய்தான் கொடுத்தார்கள். பூட்டினால் எஞ்சின் உறிஞ்சிய உறிஞ்சலில் சப்பையாகிப் போனது. தடித்த குழாய் வேண்டும். அது அவனிடம் இருந்தது. குவைத்திலிருந்து கொண்டுவந்ததாகத் தேத்தண்ணிக் கடையில் அவனே சொன்னதைக் கேட்டிருக்கிறேன்.

வேறு வழி இல்லை. போனேன். என்னத்துக்கு என்று கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு முழம் வெட்டிக் கொண்டுவந்து தந்தான். நான் திரும்பும்போதுதான் சொன்னான்.

"நானா, கார் சரிவந்தா மாப்பிள்ள ஒங்கடதுலயே வரட்டும். ஒங்கட மகள்தானே. நான் பொம்பளையள ஏத்திட்டுப் பின்னால வாறன்."

கேலி பண்ணியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

குழாயைப் பூட்டினேன். நான் முன்னால் தள்ளிய டைமிங்கைப் பழைய அடையாளத்துக்குக் கொண்டுவந்தேன். கடைசியாகத்தான் திருகாணி. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். எஞ்சின் அடங்கி ஓடியது. மகள் வெளியே வந்து காரின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள்.

"நிக்காதா வாப்பா?"

"நிக்காது."

"அப்ப சரி," என்று உள்ளே போனாள். அன்று சோறு இறங்கியது.

நிக்காஹ் நாளில் மூத்த மகன் காரை ஓட்டினான். மாப்பிள்ளையை வரவேற்க நான் வாசலில் நின்றேன். ஆட்கள் நடந்து வந்தார்கள். பின்னால் என் கார் ஊர்ந்து வந்தது. ஏறவில்லை, இறங்கவில்லை. வாசலில் வந்து நின்றும் ஓடிக்கொண்டே இருந்தது. மகன் எஞ்சினை நிற்பாட்டினான். மாப்பிள்ளை இறங்கி என் கையைப் பிடித்தார்.

பின்னால் அவனுடைய கார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. காதைக் கொடுத்தேன். அதன் ஸ்லோ என்னுடையதைவிட அமைதியாகத்தான் இருந்தது.

மாப்பிள்ளை இரண்டாம் முறை சலாம் சொன்ன பிறகுதான் எனக்குக் கேட்டது.