மாமனார் உதிர்ந்துகொண்டிருந்த பெட்டி

கம்ப்யூட்டர் தகவலைப் பொட்டலம் பொட்டலமாக அனுப்புமாம், அந்தப் பாக்கெட் வழியில் விழுகிறது என்றால் வீடியோவிலிருந்து துண்டு துண்டாக உதிர்கிறது என்றுதான் நான் நம்பினேன். ஒவ்வொரு தடவை போட்டுப் பார்க்கும்போதும் கொஞ்சம் காலி, கடைசியில் ஒன்றும் மிஞ்சாது. தலை நரைத்த பட்டதாரி இதை எப்படி நம்பினான் என்று கேட்காதீர்கள். நன்றாகவே நம்பினேன்.

கடலூர் முதுநகர் வீட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை சர்வராக்கி, குடும்பப் படங்களை எல்லாம் ஏற்றி, டிவியில் பார்க்கிற மாதிரி செய்து வைத்திருந்தேன். அதில் இறந்துபோன மாமனாரின் வீடியோ ஒன்று. எங்கள் வீட்டுப் பின்பக்கம் உட்கார்ந்து, நான் வாங்கிவந்த வஞ்சிரத்தைக் கழுவிக்கொண்டே என்னைத் திட்டுகிறார். அவர் குரல் மிச்சமிருப்பது அது ஒன்றில்தான். எடுத்த போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையானால் என் மனைவி அதைப் போட்டுக் கேட்பாள். அன்றைக்கு அவள் திட்டவேண்டிய வேலை மிச்சம்.

ஒரு ஞாயிறு மாமனார் பாதித் திட்டில் நின்றுவிட்டார். முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. சர்வரைத் திறந்து பார்த்தால், பாக்கெட் கணக்கில் ‘டிராப்டு’, அதாவது விழுந்தவை, என்று ஓர் எண், நான் பார்க்கப் பார்க்க ஏறுகிறது. மனுஷனை ஒரே தடவையில் சுடுகாட்டுக்கு அனுப்பினோம். இப்போது நான் வீட்டிலேயே வைத்துத் தவணை முறையில் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

பிளக்கைப் பிடுங்கினேன். பெட்டி சூடாகிவிட்டது, ஓய்வு கொடுக்கணும் என்று மனைவியிடம் சொன்னேன். அடுத்த ஞாயிறும் அதே கதை. அதற்கடுத்த ஞாயிறு அவள் டிவி பக்கமே வரவில்லை. சாப்பாடு போடும்போது கேட்டாள்.

“ஏங்க, எங்கப்பா குரல அழிச்சிட்டீங்களா?”

எதற்கும் சிரித்துச் சமாளிக்கிறவன் நான். அன்றைக்கும் சிரித்துப் பார்த்தேன், இருமல்தான் வந்தது.

மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். அவள் தம்பி அண்ணாமலை நகரில் இருக்கிறான், கம்ப்யூட்டர் வேலை. வழியெல்லாம் ஸ்பீடு பிரேக்கர். ஒவ்வொன்றுக்கும் நான் சீட்டைவிட்டு எழுந்து பெட்டியை அந்தரத்தில் பிடித்தேன், தளர்ந்து கிடப்பது கொட்டிவிடக் கூடாதே என்று. பக்கத்து சீட்டு அம்மா, உள்ளே கோழிக்குஞ்சா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

மச்சான் முழுசாகக் கேட்டான். உள்ளே போய்த் தண்ணீர் குடித்தான். வெளியே வந்து, அப்புறம்தான் சிரித்தான்.

“மாமா, சர்வர்லேர்ந்து போறது நகலு. வழியில வுழுந்தா உள்ள எப்படிக் குறையும்? நீங்க போன்ல என்னத் திட்டும்போது லைன் கட்டாவுது. அதுக்காக உங்க வாயில திட்டு கம்மியாயிடுதா?”

தன் டிவியில் இணைத்துப் போட்டான். மாமனார் என் மீன் தேர்வைப் பற்றி ஆரம்பித்தார். மச்சானின் சிரிப்பு நின்றது. நின்ற இடத்திலேயே கடைசிவரை பார்த்தான். இன்னொரு தடவை போடட்டுமா மாமா என்று மெதுவாகக் கேட்டான். பயம் விடாமல் ‘வேண்டாம்’ என்று சொல்ல வாயெடுத்தவன், சரியென்று தலையை ஆட்டினேன்.

சாயங்காலம் அவனும் கூடவே கடலூர் வந்து, எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தான். அந்த எண்ணில் ஏறியவை எங்கள் புது மோடம் ஓயாமல் அனுப்பிய அறிவிப்புகள். சர்வருக்கு அவை தேவையில்லை, அதனால் தள்ளிவிட்டது. படம் உடைந்தது வேறு காரணத்தால். மோடத்துக்கும் டிவிக்கும் நடுவில் இரும்பு பீரோவை நகர்த்தி வைத்திருந்தது நான்தான், வைஃபை சரியாகப் போகவில்லை. பீரோவைத் தள்ளினோம். என் மனைவி வீடியோவைப் போட்டாள். அதில் எதுவும் குறைந்திருக்கவில்லை.