புறங்கையில் எண்ணெய்

எண்பதுகளின் ஒரு மழைக்காலத்தில், ஈப்போவுக்கு வெளியே பழைய ரப்பர் தோட்டமொன்றில் மண் சரிந்து லயத்து வீடுகள் சில புதைந்தன. மண் அள்ளுபவர்களுக்குத் தோள் பிடித்துவிட, ஈப்போ நகரின் சிலிபின் பகுதியிலிருந்து நாங்கள் நான்கு பெண்கள் போனோம். கொட்டகையில் மேசை போட்டு, நல்லெண்ணெயில் செரைப்புல் என்கிற எலுமிச்சைப்புல் தைலம் கலந்து வைத்தேன். சேற்று நாற்றத்துக்கு அந்த வாசனையே ஆறுதல் என்றார்கள்.

ஒருவர் மட்டும் உட்காரவே இல்லை. அவருடைய தம்பி அந்த மண்ணுக்குள் இருந்தார்.

"வாங்கண்ணே, கொஞ்ச நேரந்தான்," என்றேன்.

"எனக்கு வேணாங்க்கா. தம்பி வெளிய வரட்டும், அவனுக்குத் தேய்ச்சு விடுங்க. சோம்பேறிப் பய, சொகமா படுத்துக்குவான்லா."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் மதியம் அவரே வந்து, "கொஞ்சம் எண்ணெ ஊத்துங்கக்கா," என்று கையை நீட்டினார். வலி தாங்காமல் வந்திருக்கிறார் என்று நினைத்து உள்ளங்கையில் ஊற்றப் போனேன். அவர் கையைத் திருப்பிப் புறங்கையைக் காட்டினார். எங்கள் வழக்கத்தில், இறந்தவர் தலையில் எண்ணெய் வைப்பது புறங்கையால்தான்.

"தைலம் கலக்காதது எடுத்துத் தரேண்ணே."

"இதே இருக்கட்டும்க்கா. வாசமாப் போகட்டும்."

வெளியே மருத்துவமனை வண்டி காத்திருந்தது. எண்ணெய் சிந்தாமல், கையை அசைக்காமல் அவர் நடந்தார். தோள் பிடித்துக்கொள்ளக் காத்திருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள்.