வழவழப்பான கை

கியோட்டோ சினிமா ஸ்டுடியோவில் படங்களுக்கு ஓவியம் வரைந்து கொடுப்பவர் சிஸுயே. வயது அறுபத்து மூன்று. இப்போது எடுப்பது ஏதோ ஒரு காலத்துப் பெண் ஓவியர் ஒருவரின் கதை. “இது பெண்களோட படம்” என்று டைரக்டர் குரோகி பேட்டிக்குப் பேட்டி முழங்கிக்கொண்டிருந்தார். கதாநாயகியின் ஓவியங்களெல்லாம், இன்று எடுக்கப்போகும் கொக்கு உட்பட, சிஸுயே வரைந்தவை. வரையும் கையைக் காட்ட மட்டும், ரோமம் மழித்த ஓர் ஆண் மாடலுக்குக் கிமோனோ மாட்டி உட்கார வைத்தார்கள்.

“உங்க கையில சுருக்கம் தெரியுது, சிஸுயே-சான்” என்றார் குரோகி.

“அந்தம்மா இந்தக் கொக்கை வரையுறப்போ வயசு எழுபதுங்க!”

யார் கேட்டார்கள்?

“சரி, கிமோனோவோட நீளக் கையையாவது கயிறு போட்டுத் தூக்கிக் கட்டுங்க” என்றார் சிஸுயே. “ பொம்பளைங்க அப்படித்தான் வரைவாங்க.”

“தொங்கினாத்தான் அழகு” என்றார் குரோகி.

கேமரா ஓடியது. மாடல் ஒரு கோடு இழுத்தான். பின்னாலேயே வந்த கிமோனோவின் நீண்ட கை, ஈர மையை ஆறு நாள் உழைப்பின் மேல் ஈஷிக்கொண்டு போனது. கொக்கு காக்கையாயிற்று.

குரோகி தலையைச் சொறிந்தார். “நாளைக்குள்ள இன்னொண்ணு வரைஞ்சு குடுத்துடுங்களேன்.”

சிஸுயே தூரிகைகளைச் சுருட்டிப் பைக்குள் திணித்தார்.

“எங்கிட்ட ஏன் கேக்கறீங்க? அதான் வழவழன்னு ஒரு கை வச்சிருக்கீங்களே, அதை வரையச் சொல்லுங்க.”